அதிகாரம் 9: சனி ஞாயிறில் லண்டன் பார்ப்பது எப்படி

புத்தூர்ச் சந்தியில் 750 பஸ் ஏறி யாழ்ப்பாணம் ரவுணுக்குப் போகிறவர் வழியைப் பற்றி யோசிப்பதில்லை. நீர்வேலி, கோப்பாய், இருபாலை எல்லாம் வரிசையாக வரும். தூங்கிப்போனால் கொண்டக்டர் தட்டி எழுப்புவார். லண்டனில் வழியை நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். படிக்கப் போன பிள்ளைகளில் கனபேர் முதல் வருடத்தில் இரண்டில் ஒன்றாகத்தான் இருப்பார்கள்: ஒன்றில் அறையும் வகுப்பும் வேலையுமாக எதையுமே பார்க்காதவர்கள், அல்லது ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்க்க வெளிக்கிட்டவர்கள். காலை கிரீனிச், மதியம் வெம்பிளி, பின்னேரம் ஹரோவில் மாமா வீடு என்று போனால் மூன்று நான்கு மணித்தியாலம் சுரங்கத்துக்குள்ளேயே முடிந்துவிடும்.

இந்த அதிகாரம் முழுவதற்கும் விதி ஒன்றுதான்: ஒரு நாளுக்கு ஒரு பக்கம். அந்தப் பக்கத்துக்கு றெயினில் போங்கள், பிறகு நடவுங்கள்.

வெளிக்கிடுவதற்கு முன் இரண்டு கணக்கு

முதலாவது வேலைக் கணக்கு. பட்டப்படிப்பு மாணவர் விசாவில் தவணைக் காலத்தில் வாரத்துக்கு 20 மணித்தியாலம்தான் வேலை செய்யலாம். இந்த வாரம் என்பது திங்கள் தொடங்கி ஞாயிறு வரை. சனி, ஞாயிறு வேலைக்கு வரச்சொல்லி முதலாளி கேட்டால், திங்களிலிருந்து எத்தனை மணித்தியாலம் ஓடியிருக்கிறது என்று கூட்டிப் பார்த்துவிட்டு ஓம் சொல்லுங்கள். அப் வழியாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை சுயதொழிலாகக் கருதப்படும். மாணவர் விசாவில் அதற்கு இடமில்லை. ஊர்ப் பெடியன் ஒருவன் தன் கணக்கைத் தருகிறேன் என்றாலும் வேண்டாம். இது விசாவோடு விளையாடும் விஷயம்.

இரண்டாவது காசுக் கணக்கு. எதைப் பார்த்தாலும் ரூபாயில் பெருக்குவதை விடுங்கள். 1.75 பவுணை எழுநூறு ரூபாய் என்று மாற்றினால் பஸ்ஸில் ஏறவே மனம் வராது. ஒரு நாளுக்கு ஒரு தொகையைப் பவுணிலேயே தீர்மானித்து, அதற்குள் நில்லுங்கள். நல்ல சேதி என்னவென்றால், லண்டனில் பார்க்க வேண்டிய முக்கியமான இடங்களில் பெரும்பகுதி இலவசம்: பிரிட்டிஷ் மியூசியம், நஷனல் கலரி, இயற்கை வரலாற்று மியூசியம், விஞ்ஞான மியூசியம், விக்டோரியா அன்ட் அல்பேர்ட், ரேற் மொடேர்ன் எல்லாவற்றிலும் நிரந்தரக் காட்சிக்குக் கட்டணமில்லை. வாசலில் நன்கொடைப் பெட்டி இருக்கும். போடாமல் போனால் யாரும் முறைக்கமாட்டார்கள்.

வெள்ளி இரவு: அரை மணித்தியால ஆயத்தம்

1. நாளை எந்தப் பக்கம் என்று தீர்மானியுங்கள். இரண்டு இடங்கள் போதும். மூன்றாவது, நேரம் மிஞ்சினால்.

2. எந்த ரியூப் பாதை மூடியிருக்கிறது என்று பாருங்கள். திருத்த வேலைகளை வார இறுதியில்தான் செய்வார்கள். ரிஎப்எல் கோ, சிற்றிமப்பர் ஆகிய அப்கள் இரண்டும் சரியாகச் சொல்லும். ஸ்ரேசனுக்குப் போய்ப் பூட்டிய கதவைப் பார்ப்பதுதான் புதிதாக வந்தவர்களுக்கு அதிகம் நடக்கும் பிழை.

3. இலவசமான இடமாக இருந்தாலும் நேரம் பதிவு செய்ய முடியுமா என்று அதன் தளத்தில் பாருங்கள். மழை பெய்யும் சனிக்கிழமையில் பதிவு இல்லாதவர்களின் வரிசை தெருவரை வரும்.

4. போனை முழுதாகச் சார்ஜ் பண்ணுங்கள். பவர் பாங்க் ஒன்றும் எடுத்து வையுங்கள்.

5. சாப்பாடு கட்டுங்கள். இடியப்பம் பெட்டிக்குள் காய்ந்துபோகும்; பாணுக்குள் சம்பலோ முட்டையோ வைத்துச் சுற்றினால் பூங்காவில் இருந்து சாப்பிட வசதி. குழாய்த் தண்ணீர் குடிக்கலாம். போத்தல் ஒன்று கொண்டுபோனால் காசு மிச்சம்.

6. பாஸ்போர்ட்டை அறையிலேயே வையுங்கள். மாணவர் அட்டை போதும். காசு கொடுத்து ரிக்கெற் எடுக்கும் இடங்களில் அதுவே கழிவும் வாங்கித் தரும்.

உடுப்பைப் பற்றி: தடித்த ஒரு ஜக்கற்றைவிட மெல்லியதாக மூன்று அடுக்கு நல்லது, உள்ளே போனதும் கழற்றலாம். புதுச் சப்பாத்தோடு முதல் நடை போகவேண்டாம்.

அட்டை தொடுதல்: பிழை விட்டால் காசு போகும் இடம்

பஸ்ஸில் காசு வாங்கமாட்டார்கள். 2014 இலிருந்து அப்படித்தான். ஒயிஸ்டர் அட்டை அல்லது தொட்டுக் கட்டும் வங்கி அட்டை, போன் இவற்றில் ஒன்று வேண்டும். வளர்ந்தவர்களுக்கான கட்டணம் எல்லாவற்றிலும் ஒன்றுதான். ஊரிலிருந்து கொண்டுவந்த வங்கி அட்டையைப் பாவித்தால் நாணயமாற்றுக் கழிவு தனியே சேரும். இங்கே கணக்குத் திறக்கும்வரை ஒயிஸ்டர் எடுங்கள்.

1. ரியூப்பிலும் றெயினிலும் உள்ளே போகும்போது தொடவேண்டும், வெளியே வரும்போதும் தொடவேண்டும். ஒன்றை மறந்தால் உச்சக் கட்டணம் வெட்டுப்படும். கதவு இல்லாத சிறிய ஸ்ரேசன்களில்தான் இந்தப் பிழை நடக்கும். தொடும் கம்பம் எங்கே என்று தேடித் தொடுங்கள்.

2. பஸ்ஸில் ஏறும்போது மட்டும் தொடவேண்டும்.

3. காலையில் போனைக் கொண்டு தொட்டவர் மாலையிலும் போனைக் கொண்டே தொடவேண்டும். அதே வங்கிக் கணக்காக இருந்தாலும் போனும் அட்டையும் இரண்டு வேறு பயணிகளாகத்தான் எண்ணப்படும். நாள் உச்சவரம்பும் கிடைக்காது.

4. 2025இல் பஸ் கட்டணம் 1.75 பவுண். முதல் தடவை தொட்டதிலிருந்து ஒரு மணித்தியாலத்துக்குள் எத்தனை பஸ் மாறினாலும் அந்த 1.75தான். நாள் முழுக்கப் பஸ்ஸிலேயே சுற்றினால் 5.25க்கு மேல் வெட்டாது.

குறிப்பு: 18 வயதுக்கு மேற்பட்ட மாணவருக்கான ஒயிஸ்டர் புகைப்பட அட்டை, வார அல்லது மாதப் பாஸ் எடுப்பவருக்கே 30 சதவீதம் குறைக்கும், தனிப் பயணங்களுக்குக் குறைக்காது. வார இறுதியில் மட்டும் சுற்றுகிறவருக்கு 16–25 றெயில்கார்ட் கூடுதல் லாபம். அதை ஸ்ரேசன் ஊழியரிடம் காட்டி உங்கள் ஒயிஸ்டரோடு இணைக்கச் சொன்னால் நெரிசலற்ற நேரக் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். சனியும் ஞாயிறும் முழுநாளும் நெரிசலற்ற நேரக் கட்டணம்தான்.

ரியூப் வரைபடத்தைப் பார்த்துத் தூரத்தைக் கணிக்காதீர்கள். ஹரி பெக் வரைந்து 1933இல் வெளிவந்த அந்தப் படம் எந்த ஸ்ரேசனுக்குப் பிறகு எது வரும் என்பதைத்தான் காட்டும். எவ்வளவு தூரம் என்பதைக் காட்டாது. லெஸ்ரர் ஸ்குவயரிலிருந்து கொவென்ற் கார்டனுக்கு றெயின் எடுப்பவர், கீழே இறங்கி, மேலே ஏறி வருவதற்குள் நடந்துபோனவர் தேத்தண்ணி குடித்து முடித்திருப்பார். நகரும் படியில் வலப்பக்கம் நில்லுங்கள், இடப்பக்கம் ஓடுகிறவர்களுக்கு.

முதல் சனி: ஆற்றோரம்

1. காலை பத்து மணிக்கு சென்ற் போல்ஸ் ஸ்ரேசனில் இறங்குங்கள். பேராலயத்தை வெளியே நின்று பாருங்கள். உள்ளே போகக் கட்டணம் உண்டு. மாலை ஆராதனைக்குப் போனால் கட்டணமில்லை. ஞாயிறில் சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள், ஆராதனை மட்டும்தான். வெஸ்ற்மின்ஸ்ரர் அபேயிலும் இதே ஒழுங்குதான்.

2. பேராலயத்தின் தெற்கு வாசலிலிருந்து நேரே இறங்கினால் நடப்பவர்களுக்கு மட்டுமான மிலேனியம் பாலம். கடந்தால் ரேற் மொடேர்ன். பழைய மின்னிலையம், 2000இல் கலைக்கூடமாகத் திறந்தது. நவீன ஓவியம் விளங்காவிட்டால் பரவாயில்லை. பிரமாண்டமான அந்தச் சுழலி மண்டபத்துக்காகவும் கழிப்பறைக்காகவும் உள்ளே போகலாம்.

3. ஆற்றை இடக்கைப் பக்கம் வைத்துக் கிழக்கே நடந்தால் பறோ மாக்கற். சுவை பார்க்க மட்டும் போங்கள். வயிறு நிரப்ப நினைத்தால் காசு கரையும். சனிக்கிழமை மதியம் தோள் உரசும் கூட்டம், பையை முன்னால் போடுங்கள். சைவக்காரர் கவனிக்க: வெஜிரேறியன் என்று எழுதியதில் முட்டையும் பாற்கட்டியும் இருக்கலாம். வீகன் என்று எழுதியிருந்தால் இரண்டும் இல்லை.

4. இன்னும் கிழக்கே, இரண்டு கோபுரத்தோடு தெரிவதுதான் ரவர் பாலம் (1894). படங்களில் பார்த்து லண்டன் பாலம் என்று எல்லோரும் நினைப்பது இதைத்தான். உண்மையான லண்டன் பாலம் நீங்கள் சற்று முன் கடந்துவந்த சாதாரணச் சீமெந்துப் பாலம். சந்திக்கும் இடம் பேசும்போது இந்தக் குழப்பத்தால் நண்பர்கள் ஆளுக்கொரு பாலத்தில் காத்து நிற்பார்கள்.

5. ரவர் பாலத்தால் கடந்தால் லண்டன் கோபுரக் கோட்டை. கட்டணம் கூட. முடியரசின் நகைகளும் கோகினூர் பதித்த முடியும் அங்கேதான் இருக்கின்றன. போவதானால் இணையத்தில் முன்கூட்டி எடுத்து, காலையிலேயே போகவேண்டும். நடந்து களைத்த பின்னேரத்தில் அந்தக் காசு வீண். முதல் சனியில் மதிலைச் சுற்றி நடந்தால் போதும்.

6. திரும்புவதற்கு 15ஆம் இலக்க பஸ். மேல்தட்டில் முன் ஆசனத்தைப் பிடியுங்கள். சென்ற் போல்ஸ், பிளீற் வீதி, ஸ்ராண்ட் வழியாக ட்ரபல்கார் பக்கம் கொண்டுவந்து விடும். காசு கூடிய சுற்றுலாப் பஸ் காட்டும் வீதிகளில் பாதியை இது 1.75க்குக் காட்டும்.

ஞாயிறு வேலை இல்லாதவருக்கு வெஸ்ற்மின்ஸ்ரர் பக்கம்: மணிக்கூட்டுக் கோபுரம், சென்ற் ஜேம்ஸ் பூங்கா, பக்கிங்ஹாம் அரண்மனை, ட்ரபல்கார் சதுக்கம், நஷனல் கலரி. காவலர் மாறும் நிகழ்ச்சி வழக்கமாகத் திங்கள், புதன், வெள்ளி, ஞாயிறு 11 மணிக்கு, மழையென்றால் நிற்கும். அரண்மனைக் கேற்றடியில் இடம் பிடிக்க 10 மணிக்கே போகவேண்டும். என் அபிப்பிராயம், ஒரு தடவைக்கு மேல் அதற்கு மினக்கெட வேண்டாம்.

மழை நாளுக்கு: பிரிட்டிஷ் மியூசியம்

இதற்கு ஒரு முழு நாள் கொடுக்கலாம். ஆனால் முழு மியூசியத்துக்கும் ஒரு நாள் கொடுக்காதீர்கள், தலை சுற்றும். கூட்டம் எகிப்தியப் பக்கமும் றொசெற்றாக் கல்லுப் பக்கமும் ஓடும். நீங்கள் வாசலால் நுழைந்ததும் நேரே 33ஆம் அறைக்குப் போங்கள். அங்கே, நம் தீவிலிருந்து போன தாரா என்ற பௌத்தப் பெண்தெய்வம் நிற்கிறாள்.

பொன்முலாம் பூசிய வெண்கலம். உயரம் 143 சென்ரிமீற்றர், ஏறக்குறைய நிற்கும் ஒரு பெண்ணின் அளவு. 8ஆம் நூற்றாண்டு வேலை. திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட கரையோரத்தில் கிடைத்தது என்கிறது மியூசியப் பதிவு. 1815இல் கண்டி ஆங்கிலேயர் கைக்குப் போனபோது தேசாதிபதியாக இருந்த றொபேட் பிரவுண்றிக், 1830இல் இதை மியூசியத்துக்குக் கொடுத்தார். மார்பு திறந்த உருவம் என்பதால் பல ஆண்டுகள் பொதுமக்கள் கண்ணில் படாமல் உள்ளறையில் வைத்திருந்தார்கள். இன்று கண்ணாடிக்குள் நிற்கிறது. வலக்கை வரம் கொடுக்கிறது, இடக்கையில் எதையோ பிடித்திருந்த பாவம், பிடித்தது இல்லை. கிழக்கு மாகாணத்துக்குப் போகாத புத்தூர்ப் பிள்ளை, அந்தக் கரையின் மிகச் சிறந்த சிற்பத்தை லண்டனில் பார்ப்பது விசித்திரம்தான். ஆனாலும் பார்க்கவேண்டும். அதே அறையில் சோழர் கால நடராசரும் உண்டு. பக்கத்து 33ஏ அறையில் அமராவதித் தூபியின் சுண்ணக்கல் சிற்பங்கள்.

ஒழுங்கு இப்படி வைத்தால் நல்லது: 33, 33ஏ, பிறகு சாப்பாடு, பிறகு கீழே அசீரியர்களின் சிங்கவேட்டைச் சுவர்கள், கடைசியாக நேரமிருந்தால் றொசெற்றாக் கல். பின்னேரம் ஐந்து மணிக்குப் பூட்டுவார்கள். வெள்ளியில் மட்டும் எட்டரை வரை. சில்லுவைத்த சூட்கேஸோடு உள்ளே விடமாட்டார்கள். வேறு ஊரில் படித்து, கோச்சில் வந்து இறங்கியவர்கள் இதை நினைவில் வைக்கவேண்டும்.

கிரீனிச்

டிஎல்ஆர் றெயினில் சாரதி ஆசனம் இல்லை. முன்கண்ணாடியடியில் இருந்து போகலாம். குன்றின் மேல் 1675இல் தொடங்கிய வானாய்வு நிலையம், அதன் முற்றத்தில் சுழியப் பாகைக் கோடு. முற்றத்துக்குள் போகக் கட்டணம். குன்றின் மேலிருந்து நகரத்தைப் பார்க்கக் கட்டணமில்லை, அந்தக் காட்சிக்காகவே போகலாம். யாழ்ப்பாணம் இந்தக் கோட்டிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 80 பாகை. கீழே கடல்சார் மியூசியம் இலவசம். தேயிலை ஏற்றிய கற்றி சார்க் பாய்க்கப்பலை வெளியிலிருந்தே முழுதாகப் பார்க்கலாம். திரும்பும்போது ஆற்றுக்குக் கீழே 1902இல் திறந்த நடைச் சுரங்கத்தால் மறுகரைக்கு நடவுங்கள்.

புத்தூர் மெதடிஸ்ற் ஆஸ்பத்திரியைத் தெரிந்தவர்களுக்கு

ஓல்ட் ஸ்ரீற் ஸ்ரேசனுக்குப் பக்கத்தில், சிற்றி றோட்டில், மெதடிஸ்ற் சபையைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி 1778இல் கட்டிய ஆலயம் இருக்கிறது. பக்கத்து வீட்டில்தான் அவர் 1791இல் இறந்தார். வெஸ்லியன் மிஷனரிமார் 1814இல் யாழ்ப்பாணம் வந்த கதையின் தொடக்கம் இந்த வளவு. ஞாயிறில் ஆராதனை நேரம் பார்த்துப் போங்கள். எந்தச் சமயத்தவரானாலும் அமைதியாகப் பின் வாங்கில் இருக்கலாம்.

நம் ஆட்கள் இருக்கும் பக்கம்

இதைத் தனி நாளாக வையுங்கள். உறவினர் வீடும் கோயிலும் சாமான் கடையும் ஒரே நாளில்; மியூசியத்தோடு கலக்காதீர்கள். பன்னிரண்டு மணிக்கு வரச்சொன்ன மத்தியானச் சாப்பாடு மூன்று மணிக்குத்தான் வரும். அதற்குப் பிறகு தேத்தண்ணி, அதற்குப் பிறகு ஊர்ப் புதினம். இடையில் எழும்புவது மரியாதையில்லை.

தெற்கே ரூற்றிங்: நோர்தேர்ண் பாதையில் ரூற்றிங் புறோட்வே. குரக்கன் மா, ஒடியல் மா, கருவாடு, முருங்கைக்காய், கொத்து, மட்டன் றோல்ஸ் எல்லாம் கிடைக்கும். கிழக்கே ஈஸ்ற் ஹாம். வடமேற்கே வெம்பிளி, ஹரோ. கோயில்களில் விம்பிள்டன் பிள்ளையார் கோயில் (1981), ஆர்ச்வே றோட்டில் ஹைகேற் முருகன் கோயில், ஈலிங் கனகதுர்க்கை அம்மன் கோயில் மூன்றும் போக்குவரத்துக்கு வசதி. ஈலிங் தேர் ஓகஸ்டில்; அன்றைக்கு வீதியே ஊர்போல இருக்கும்.

குறிப்பு: பெரிய சுப்பர்மாக்கற்றுகள் ஞாயிறில் ஆறு மணித்தியாலம்தான் திறக்கலாம் என்பது சட்டம். பல கடைகள் 11க்குத் திறந்து 5க்குப் பூட்டும். மாமா வீட்டில் பிந்தினால் பால் வாங்க முடியாது. சிறு தமிழ்க் கடைகளுக்கு இந்தச் சட்டம் இல்லை.

பாதுகாப்பு

போன் பறிப்பு. மின்சைக்கிளில் வந்து கையிலிருந்து உருவிக்கொண்டு போவார்கள். ஸ்ரேசனால் வெளியே வந்ததும் நடைபாதை ஓரத்தில் நின்று வரைபடம் பார்ப்பவர்தான் முதல் இலக்கு. பார்க்கவேண்டுமென்றால் கடை வாசலுக்குள் ஏறி, சுவருக்கு முதுகு கொடுத்து நின்று பாருங்கள். *#06# அழுத்தினால் வரும் இலக்கத்தை வேறிடத்தில் எழுதி வையுங்கள். பறிபோனால் பொலிசும் போன் நிறுவனமும் அதைத்தான் கேட்கும்.

தங்கம். ஆசியக் குடும்பங்களின் நகையைக் குறிவைப்பது லண்டனில் தெரிந்த விஷயம். சங்கிலியைச் சட்டைக்குள் விடுங்கள். கோயில் திருவிழாவுக்கு நகை போட்டால் கோட்டைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு றெயின் ஏறுங்கள்.

வெஸ்ற்மின்ஸ்ரர் பாலத்தில் மூன்று கிண்ணமும் ஒரு பந்தும் வைத்து விளையாட்டுக் காட்டுவார்கள். சுற்றி நின்று வெல்பவர்கள் எல்லாரும் அவர்களுடைய ஆட்கள். நின்று பார்க்கவும் வேண்டாம். பார்க்கும்போது பொக்கற் காலியாகும். இசையும் விளக்குமாக வரும் றிக்சாவில் ஏறுவதானால் விலையை முதலே பேசுங்கள்.

கைகாட்டி மறிக்கக்கூடிய வாடகைக் கார் கறுப்பு ரக்சி மட்டுமே. இரவில் பக்கத்தில் வந்து நின்று எங்கே போகவேண்டும் என்று கேட்கும் வேறு எந்தக் காரிலும் ஏறாதீர்கள்.

அவசரத்துக்கு 999. அவசரமில்லாத பொலிஸ் விஷயத்துக்கு 101, சுகயீன ஆலோசனைக்கு 111. றெயினுக்குள் யாராவது தொந்தரவு செய்தால் 61016க்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம். வாய்விட்டுக் கதைக்கத் தேவையில்லை. இந்த இலக்கத்தை இப்போதே போனில் சேமியுங்கள், முக்கியமாகத் தங்கச்சிமார்.

திரும்பும் நேரம்

மார்கழியில் பின்னேரம் நாலு மணிக்கே இருட்டிவிடும். வெளியிடங்களைக் காலையிலும் மியூசியத்தைப் பின்னேரத்திலும் வையுங்கள். கோடையில் ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருப்பதால் பசி வந்த பிறகுதான் நேரம் தெரியும்.

வெள்ளி, சனி இரவுகளில் விக்டோரியா, ஜூபிலி பாதைகளும் சென்றல், நோர்தேர்ண், பிக்கடிலி பாதைகளின் பெரும்பகுதியும் விடிய விடிய ஓடும். ஞாயிறு இரவு ஓடாது. ஞாயிறில் பிந்தினால் இரவு பஸ்தான். இரவில் மட்டும் ஓடும் பஸ்ஸின் இலக்கத்துக்கு முன் என் (N) என்ற எழுத்து இருக்கும். உங்கள் வீட்டுப் பக்கம் வரும் இரவு பஸ்ஸின் இலக்கத்தை, தேவைப்படாவிட்டாலும், முதல் வாரத்திலேயே கேட்டு வையுங்கள்.

வீட்டுக்கு எடுக்கும் கோல்: குளிர்காலத்தில் ஊர் நேரம் ஐந்தரை மணித்தியாலம் முந்தும், கோடையில் நாலரை. லண்டனில் பின்னேரம் ஆறு மணிக்குச் சுற்றி முடித்து எடுத்தால் புத்தூரில் இரவு பத்தரை அல்லது பதினொன்றரை, அம்மா நித்திரையாகியிருப்பா. மதியச் சாப்பாட்டு நேரத்தில் பூங்கா வாங்கில் இருந்து எடுங்கள். மணிக்கூடு மாறுவது மார்ச் மாதக் கடைசி ஞாயிறும் ஒக்ரோபர் மாதக் கடைசி ஞாயிறும். போன் தானாக மாற்றிக்கொள்ளும். அறையில் இருக்கும் அலாரம் மணிக்கூடு மாற்றாது. மார்ச்சில் அதை நம்பிப் படுத்தால் ஞாயிறு காலை வேலைக்கு ஒரு மணித்தியாலம் பிந்தித்தான் போவீர்கள்.